மரம் நிற்க முடியாத உயரத்தில் செடிகள் எப்படி வாழ்கின்றன?

கேள்வியில் இரண்டு பாகம் இருக்கிறது. மரமே வளராத உயரத்தில், வருடத்தில் பெரும்பகுதி பனி மூடிக் கிடக்கும் மலைகளில், விரல் உயரம்கூட இல்லாத செடிகள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்பது ஒன்று. அங்கே அவை ஒன்றையொன்று நெருக்கித் தள்ளுகின்றனவா, ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றனவா என்பது இன்னொன்று.

இரண்டாவதற்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டுமே நடக்கிறது. எது எங்கே மேலோங்கும் என்பது அந்த இடத்தில் செடிக்கு எது பற்றாக்குறை என்பதைப் பொறுத்தது. பள்ளத்தாக்கில் பக்கத்துச் செடி என்பது வெளிச்சத்தையும் நீரையும் பங்குபோட வந்த ஆள். மேலே போகப் போக அதே பக்கத்துச் செடி காற்றுக்கு மறைப்பாகவும் மண்ணுக்குப் பிடிப்பாகவும் ஆகிவிடுகிறது. உச்சிக்கு அருகில் ஒரு செடிக்கு அமையும் தட்பவெப்பத்தில் பாதியை அதன் அண்டைச் செடிதான் உண்டாக்குகிறது என்றே சொல்வேன். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவை விளங்கிவிடும்.

சரி, குளிரிலிருந்து ஆரம்பிப்போம்.

மலையில் ஒவ்வொரு 1000 மீட்டர் ஏறும்போதும் காற்றின் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறைகிறது. ஒரு கட்டத்தில் மரங்கள் நின்றுவிடுகின்றன. வெப்பமண்டல மலைகளில் அந்த எல்லை 4000 மீட்டரை ஒட்டி இருக்கலாம். துருவத்தை நோக்கிப் போனால் சில நூறு மீட்டரிலேயே வந்துவிடும். ஆனால் எங்கே அளந்தாலும் அந்த எல்லையில் வளரும் பருவத்தின் சராசரி வெப்பநிலை மட்டும் ஏறக்குறைய ஒன்றாக, 6 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர் கிறிஸ்டியன் கோர்னரும் அவருடன் வேலை செய்தவர்களும் உலகின் பல மலைகளில் மண்ணுக்குள் வெப்பமானிகளைப் புதைத்து வைத்து இதைக் கண்டறிந்தார்கள்.

குளிரில் இலையால் உணவு தயாரிக்க முடியாமல் மரம் பட்டினி கிடக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியில்லை. 5 டிகிரியிலும் ஒளிச்சேர்க்கை நடக்கும், சர்க்கரை சேரும். நின்றுபோவது செல்கள் பிரிந்து புதுத் திசு உண்டாகும் வேலை. செங்கல்லும் சிமெண்டும் குவிந்து கிடக்கின்றன, கொத்தனார்தான் வரவில்லை என்பது போன்ற நிலை.

அப்படியானால் அதற்கு மேலே இருக்கும் சிறு செடிகளுக்கு மட்டும் எப்படிக் கட்ட முடிகிறது? அவை காற்றின் வெப்பநிலையில் வாழ்வதில்லை. மரம் உயர்ந்து நிற்பதால் காற்று அதன் கிளைகளுக்குள் புகுந்து போகிறது. காற்று எவ்வளவு குளிரோ மரமும் அவ்வளவு குளிர். தரையோடு தரையாகக் கிடக்கும் செடியோ வெயில் பட்ட வெப்பத்தைத் தனக்குள் தேக்கி வைத்துக்கொள்கிறது. காற்று 8 டிகிரியில் வீசிக்கொண்டிருக்கும் ஒரு வெயில் நேரத்தில் அந்தச் செடியின் இலைகள் 20 டிகிரிக்கு மேல் இருக்கலாம். ஒரே சரிவில், ஒரு பாறைக்குத் தெற்கே இருக்கும் செடிக்கும் வடக்கே இருக்கும் செடிக்கும் உள்ள வெப்ப வித்தியாசம், பல நூறு மீட்டர் ஏறி இறங்கினால் கிடைக்கும் வித்தியாசத்துக்குச் சமமாக இருக்கக்கூடும். அதனால் ஒரு மலையின் உயரத்தை மட்டும் வைத்து அங்கே என்ன வளரும் என்று கணிப்பது பெரும்பாலும் தப்பாகப் போகும்.

இந்தத் தேக்கிவைக்கும் கலையில் கைதேர்ந்தவை மெத்தைச் செடிகள். பார்த்தால் பாசி படிந்த கல் போல, அரைக்கோள வடிவில் இருக்கும். உள்ளே நூற்றுக்கணக்கான தண்டுகள் ஒன்றோடொன்று நெருங்கி, எல்லாம் ஒரே உயரத்தில் முடியும். ஆல்ப்ஸ், ராக்கி, ஸ்காண்டிநேவியா மலைகளில் இளஞ்சிவப்புப் பூ பூக்கும் சைலீன் அகாலிஸ் இந்த வகை. ஆண்டிஸ் மலையின் யாரெட்டா அதைவிடப் பெரியது. ஒரு ஆள் மேலே ஏறி நின்றாலும் அமுங்காத அளவுக்கு இறுக்கமானது. இந்த வடிவத்தில் 1300க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே வம்சம் கிடையாது. பரிணாமத்தில் இந்த உருவம் தனித்தனியாக நூறு தடவைக்கு மேல் தோன்றியிருக்கிறது. ஒரே கணக்குக்கு இத்தனை குடும்பங்கள் ஒரே விடையை எழுதியிருக்கின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மெத்தை செய்யும் இன்னொரு வேலை அதிகம் பேசப்படுவதில்லை. அது தனக்கான மண்ணைத் தானே தயாரிக்கிறது. காய்ந்த இலைகள் கீழே விழுந்து அடித்துப்போகப்படாமல் மெத்தைக்குள்ளேயே தங்கி மக்குகின்றன. காற்று கொண்டுவரும் புழுதியும் அதில் சிக்கிக்கொள்கிறது. பஞ்சு போல அது நீரைப் பிடித்து வைக்கிறது. பல மெத்தைச் செடிகள் அந்த மக்குக்குள் புது வேர்களை விட்டு, சென்ற வருடங்களின் இலைச் சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. சுற்றிலும் சரளைக் கல், உள்ளே மட்டும் கறுப்பு மண். இதை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

வெப்பத்தைத் தேக்குவதில் ஆபத்தும் உண்டு. காற்று அடங்கிய உச்சி வெயிலில், கறுத்த வெற்றுத் தரை 50 டிகிரியைத் தாண்டிச் சுடும். அன்றிரவே உறைபனி விழும். முளைத்து ஒரு வாரம் ஆன நாற்றுக்கு இரண்டில் எது எமன் என்று சொல்வது கடினம். மூன்றாவதாக இன்னொன்றும் இருக்கிறது: ஈர மண்ணுக்குள் இரவில் ஊசி ஊசியாகப் பனிக்கட்டி வளர்ந்து மண்ணையே தூக்கிவிடும். நாற்றின் வேர் அப்படியே மேலே வந்து, காலையில் வெயிலில் காய்ந்துவிடும். உயர்மலையில் வளர்ந்த செடி சாவது அபூர்வம். சாவெல்லாம் பெரும்பாலும் நாற்றுப் பருவத்தில்தான்.

குளிர்காலத்தைப் பற்றி நாம் தேவைக்கு மேல் கவலைப்படுகிறோம். குளிர்காலத்துக்குள் குளிருக்கு முழுதாகப் பழகிவிட்ட உயர்மலைச் செடிக்குக் கடுங்குளிர் பெரிய விஷயம் இல்லை. ஊதாப் பூ பூக்கும் சாக்சிஃப்ராகா ஆப்போசிட்டிஃபோலியாவின் தண்டுகளைக் குளிர்காலத்தில் எடுத்து, மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜன் வரை குளிர்வித்துப் பார்த்திருக்கிறார்கள், அவை பிழைத்தன. செல்லுக்குள் பனிக்கட்டி உண்டானால் செடி செத்துவிடும். அதனால் செடி நீரைச் செல்லுக்கு வெளியே, செல்களுக்கு இடையிலான வெளியில் உறையவிடுகிறது. உள்ளே மிஞ்சுவது சர்க்கரை செறிந்த கெட்டியான சாறு, அது உறைவதில்லை. போதாக்குறைக்கு ஆழமான பனிப்போர்வை வேறு. வெளியே மைனஸ் 25 டிகிரி இருந்தாலும் ஒரு மீட்டர் பனிக்குக் கீழே பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். காற்று பனியைச் சீவித் தள்ளிவிடும் முகடுகளில் இருக்கும் செடிகளுக்குத்தான் முழுக் குளிரும் விழுகிறது. அங்கே வளரும் இனங்களும் பள்ளத்தில் வளரும் இனங்களும் வேறுவேறாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

உண்மையான சோதனை கோடையில் வருகிறது. இலை இளசாக, பூ விரிந்து இருக்கும் நேரத்தில் ஒரு தெளிந்த இரவு உறைபனி விழுந்தால், குளிர்காலத்தில் எதற்கும் அசையாத அதே செடி கருகிவிடலாம். ஆகவே மேலே வாழும் செடிக்கு நேரக் கணக்கு உயிர்ப் பிரச்சினை. கோடை என்பதே சில இடங்களில் ஆறு, எட்டு வாரம்தான். அதற்குள் மொட்டு வைத்து, பூத்து, காய்த்து, விதை முற்ற வேண்டும். இதற்குச் செடிகள் கண்டுபிடித்த வழி, வேலையை முந்தைய வருடங்களிலேயே தொடங்கிவிடுவது. பிஸ்டார்ட்டா விவிபாரா என்று ஒரு சின்னச் செடி உண்டு. 1997இல் பமேலா டிகிள் என்ற தாவரவியலாளர் அதன் கிழங்கின் நுனியைப் பிரித்துப் பார்த்து வெளியிட்ட ஆய்வில், ஓர் இலையோ பூந்தண்டோ உருவாகத் தொடங்கியதிலிருந்து வெளியே விரிய 4 வருடம் ஆகிறது என்று காட்டினார். அதாவது இந்த வருடம் நாம் பார்க்கும் பூ நான்கு கோடைகளுக்கு முன் போட்ட அஸ்திவாரம். மண்ணுக்குள் அடுத்தடுத்த வருடங்களுக்கான இலைகள் வரிசையில் காத்திருக்கின்றன. இந்த வருடக் கோடை மோசமாக இருந்தால் அதன் விளைவு இந்த வருடமே முழுதாகத் தெரியாது.

விதையை மட்டும் நம்பியிருப்பதும் புத்திசாலித்தனம் இல்லை. பிஸ்டார்ட்டாவே பூக்களுக்குக் கீழே குட்டிக் குமிழ்களை வைத்து உதிர்க்கிறது. அவை நேரடியாகச் செடியாகிவிடும். ஆல்ப்ஸ் மலையின் கேரெக்ஸ் கர்வுலா என்ற கோரை, மண்ணுக்குள் தண்டு விட்டு ஒதுங்கி ஒதுங்கிப் பரவுகிறது. வேகம் வருடத்துக்கு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. 1996இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்றில், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தளிர்கள் கொண்ட ஒரு திட்டு முழுவதும் ஒரே செடி என்று தெரிந்தது. அதன் வயதைச் சுமார் 2000 வருடம் என்று கணக்கிட்டார்கள். ஒற்றை மெத்தையாக வளரும் சைலீன் அகாலிஸ்கூட 300 வருடத்தைத் தாண்டும். இப்படிப்பட்ட இடத்தில் வழியை விட்டு விலகி நடப்பவர்களைக் கண்டால் எனக்கு நிஜமாகவே வலிக்கும். ஒரு காலடி எடுத்துக்கொண்டுபோவது சில தலைமுறைகளின் வளர்ச்சியை.

வெப்பமண்டல உயர்மலைகளின் கதை கொஞ்சம் வேறு. அங்கே நீண்ட குளிர்காலம் கிடையாது. ஒவ்வொரு பகலும் கோடை, ஒவ்வொரு இரவும் குளிர்காலம் என்று ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஊலவ் ஹெட்பெர்க் ஆப்பிரிக்க மலைகளைப் பற்றிச் சொன்னது இன்றும் எல்லோரும் எடுத்தாளும் வாக்கியம். வருடம் முழுக்க இரவுதோறும் உறைந்தால் பனிப்போர்வைக்குள் ஒளிந்துகொள்ளும் உத்தி பயன்படாது. கென்யா மலையின் டென்ட்ரோசெனீசியோ மாலையானதும் பெரிய இலைகளை மேல்நோக்கி மடித்து நடு மொட்டைப் பொத்திக்கொள்கிறது. செத்த இலைகளையும் உதிர்க்காமல் தண்டைச் சுற்றிப் போர்த்தி வைத்திருக்கிறது. ஆண்டிஸின் எஸ்பெலேட்டியாவும் இதையே செய்கிறது. அந்தக் காய்ந்த இலைகளை உரித்துவிட்டுப் பார்த்தபோது தண்டு குளிர்ந்துபோய், காலை வெயிலில் இலைகளுக்கு நீர் ஏறாமல் செடி தவித்தது. இரண்டு கண்டங்களும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொடுக்காமலே இந்தப் போர்வை இரண்டு இடத்திலும் நெய்யப்பட்டிருக்கிறது.

இனி சாப்பாடு. குளிர்ந்த மண்ணில் நுண்ணுயிர்கள் மெதுவாக வேலை செய்வதால், மக்கிய பொருளிலிருந்து நைட்ரஜன் வெளிவருவது மிகவும் தாமதம். காத்திருக்கப் பொறுமையில்லாத செடிகள் குறுக்கு வழி பிடித்திருக்கின்றன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நைவாட் ரிட்ஜ் என்ற முகட்டில் பல பத்தாண்டுகளாக ஆராய்ச்சி நடக்கிறது. அங்கே வளரும் கோப்ரேசியா என்ற கோரை, நுண்ணுயிர்கள் முழுதாகச் சிதைத்துக் கொடுக்கும்வரை நிற்காமல் அமினோ அமிலங்களையே நேரடியாக வேரால் உறிஞ்சிக்கொள்கிறது என்று 1990களில் கண்டுபிடித்தார்கள். செடி கனிம வடிவ நைட்ரஜனைத்தான் எடுக்கும் என்று அதுவரை பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய திருத்தம்.

அதே முகட்டில் இரண்டு செடிகள் மண்ணுக்கு அடியில் நடத்தும் இழுபறி இன்னும் சுவாரஸ்யமானது. டெஷாம்ப்சியா என்ற புல் உதிர்க்கும் இலைகள் சீக்கிரம் மக்கும். அதைச் சுற்றி நைட்ரஜன் வேகமாகச் சுழலும். வேகமாக வளரும் அந்தப் புல்லுக்கு அது சௌகரியம். பக்கத்தில் வளரும் ஜியம் ரோசி உதிர்க்கும் இலைகளில் ஃபீனால் சேர்மங்கள் நிறைய. அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் நைட்ரஜனையெல்லாம் தங்கள் உடலுக்குள் பூட்டி வைத்துக்கொள்கின்றன. மெதுவாக வளர்ந்து பழகிய ஜியம் அதைச் சமாளித்துவிடும், புல்லால் முடியாது. இலையை வைத்து மண்ணின் குணத்தையே தனக்குச் சாதகமாகத் திருப்புவது என்றால் இதுதான். உயர்மலையில் போட்டியே இல்லை என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு செடிகளைக் காட்டலாம்.

இப்போது அண்டைச் செடி விஷயத்துக்கு வருகிறேன். கேள்வியின் மையமும் இதுதான்.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தாவரச் சூழலியல் என்றால் போட்டிதான். 1994இல் மார்க் பெர்ட்னஸ், ரே காலவே என்ற இருவரும், சூழல் கடுமையாகும்போது செடிகளுக்கிடையே உதவி கூடும், சூழல் இதமாகும்போது போட்டி கூடும் என்ற கருத்தை முன்வைத்தார்கள். அதைப் பல மலைகளில் ஒரே முறையில் சோதித்த ஆய்வு 2002இல் வந்தது. 11 மலைப் பகுதிகளில் 115 இனங்களை எடுத்துக்கொண்டார்கள். செய்தது மிக எளிய வேலை: சில செடிகளைச் சுற்றியிருந்த அண்டைச் செடிகளை அகற்றினார்கள், சிலவற்றை அப்படியே விட்டார்கள், பிறகு யார் எப்படி வளர்கிறார்கள் என்று அளந்தார்கள். தாழ்ந்த இடங்களில் அண்டை போனதும் பெரும்பாலான செடிகள் செழித்தன. உயரமான இடங்களில் அண்டை போனதும் நலிந்தன. கோடைத் தொடக்கம் எவ்வளவு குளிராக இருந்ததோ அவ்வளவுக்கு அண்டையின் உதவி பெரிதாக இருந்தது.

இங்கேதான் மெத்தைச் செடி மறுபடி வருகிறது. சரளைக் கல்லுக்கு நடுவே காற்று மறைப்பு, ஈரம், கறுப்பு மண், ஊசிப் பனிக்கட்டி தூக்காத தரை, இத்தனையும் ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும்? காற்றில் வரும் விதைகள் அங்கேயே மாட்டிக்கொண்டு முளைக்கின்றன. ஒரு மெத்தைக்குள் நாலைந்து வேறு இனங்கள் தலை நீட்டிக்கொண்டிருப்பது சாதாரணக் காட்சி. இப்படி மற்ற செடிகளின் நாற்றுகளைத் தாங்கி வளர்ப்பதைச் செவிலிச் செடி என்று சொல்வது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பெற்றவள் வேறு, வளர்ப்பவள் வேறு என்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் நல்ல சொல். லோஹென்கிரின் கவியெரெஸ் என்ற சிலி நாட்டுச் சூழலியலாளர் தலைமையில் 2014இல் வெளிவந்த ஆய்வு, ஐந்து கண்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட உயர்மலைத் தாவரக் கூட்டங்களை ஒப்பிட்டது. மெத்தைகள் இல்லாவிட்டால் அங்கே காலே ஊன்றியிருக்காத இனங்கள் பல, மெத்தைகளால் அந்த இடங்களில் நிலைத்திருப்பது அதில் தெரிந்தது. சூழல் எவ்வளவு வறண்டதோ, வாழ்வதற்கு எவ்வளவு கடினமானதோ, அந்த அளவுக்குச் செவிலியின் பங்கு கூடுகிறது.

ஆனால் இதை அன்பு, தியாகம் என்ற பாணியில் எழுதுகிறவர்களோடு நான் உடன்பட மாட்டேன். மெத்தைச் செடி தன் உடலைக் காக்கத்தான் அந்த வடிவத்தை எடுத்தது. மற்றவர்களுக்கு வீடு கிடைத்தது பக்கவிளைவு. அந்த வீட்டுக்கு அது வாடகை வாங்குவதும் இல்லை; பெரும்பாலும் நஷ்டம்தான். அதே 2014இல் கிறிஸ்டியன் ஷோப் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் பல நாடுகளின் மெத்தைச் செடிகளை எண்ணிப் பார்த்தார்கள். குடியேறிய செடிகள் எவ்வளவு அடர்த்தியோ, அந்த அளவுக்கு மெத்தையின் பூவும் விதையும் குறைந்திருந்தன. நூறு வருடமாக மெல்ல மெல்லக் கட்டிய மண்ணின் சத்தை விருந்தாளிகள் எடுத்துக்கொள்கிறார்கள், வெயிலையும் மறைக்கிறார்கள். மெத்தையால் அவர்களை வெளியே அனுப்ப முடியாது.

விதிவிலக்கும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. லடாக்கின் குளிர்ப் பாலைவன மலைகளில், 5000 மீட்டரைத் தாண்டிய உயரத்தில், தைலகோஸ்பெர்மம் என்ற மெத்தைச் செடி வளர்கிறது. பெர்ட்னஸ், காலவே சொன்ன கருத்துப்படி பார்த்தால், உலகத்திலேயே கடுமையான அந்த இடத்தில் உதவி உச்சத்தில் இருக்க வேண்டும். செக் நாட்டு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட முடிவு நேர் எதிராக இருந்தது: மெத்தைக்குள் இருந்த இனங்கள் வெளியே வெற்றுத் தரையில் இருந்தவற்றைவிடக் குறைவு. அந்த மெத்தை கல் போல இறுக்கமானது. விதை நுழைய இடுக்கே இல்லை. நீரும் அங்கே அவ்வளவு அரிது. ஆக, மேலே போனால் உதவி என்பதைச் சூத்திரம் போல மனப்பாடம் செய்துகொள்ளக் கூடாது. அந்த இடத்தில் எது குறைவு, அந்த அண்டைச் செடி அதைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பூச்சிகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். உயரம் கூடக் கூடத் தேனீக்கள் குறைந்து, ஈக்கள் அதிகமாகும். குளிரில் பறக்கத் தயங்கும் பூச்சிகளுக்குச் சில பூக்கள் வெப்பத்தையே கூலியாகத் தருகின்றன. டிரையாஸ் என்ற குட்டைச் செடியின் பூ கிண்ணம் போல விரிந்து, சூரியன் நகர நகரத் தானும் திரும்பிக்கொண்டே இருக்கும். நடுவில் வந்து உட்காரும் ஈ குளிர் காய்ந்துவிட்டுப் போகும். இமயமலையின் ரியம் நோபிலே இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. 4000 மீட்டருக்கு மேல், சுற்றிலும் கணுக்கால் உயரச் செடிகள் இருக்க, இது மட்டும் கிட்டத்தட்ட ஆளுயரத்துக்கு ஒரு வெளிர்மஞ்சள் கோபுரம் போல எழும்பி நிற்கும். அந்த மஞ்சள், ஒளி ஊடுருவும் பெரிய மடல்களின் நிறம். அவை வெளிச்சத்தை உள்ளே விட்டு, புற ஊதாக் கதிரைத் தடுத்து, மழையிலிருந்து மகரந்தத்தைக் காக்கின்றன. உள்ளே பூக்கள் இருக்கும் இடம் வெளிக்காற்றைவிடச் சூடு. கண்ணாடிக் கூடத்தைத் தன் மேலேயே கட்டிக்கொண்ட செடி.

அந்தக் கூடத்துக்குள் பிராடிசியா என்ற சிறு ஈ வருகிறது. மகரந்தத்தைச் சுமந்து சேர்ப்பதும் அதுதான், பூவுக்குள் முட்டை இடுவதும் அதுதான். புழுக்கள் வளரும் விதைகளில் ஒரு பங்கைத் தின்னும். மீதி செடிக்கு. ஈ இல்லாவிட்டால் விதையே குறைவு என்பதால் அந்தப் பங்கைக் கொடுத்தே ஆக வேண்டியிருக்கிறது. பல வருடம் காத்திருந்து ஒரே ஒரு முறை பூத்துவிட்டுச் செத்துப்போகும் செடி இப்படி ஒரு சின்ன ஈயை நம்பி இருக்கிறது.

அப்புறம், மனிதன். சீனாவின் ஹெங்துவான் மலைகளில் ஃப்ரிட்டில்லாரியா டெலவாயி என்ற செடியின் கிழங்கை மருந்துக்காக 2000 வருடங்களுக்கும் மேலாகத் தோண்டி எடுக்கிறார்கள். 2020இல் வெளியான ஆய்வில், தோண்டுவது எளிதாக இருந்து அதிகம் எடுக்கப்படும் இடங்களில் இந்தச் செடியின் இலை பச்சையாக இல்லாமல், சுற்றியிருக்கும் கற்களைப் போலச் சாம்பலாகவும் பழுப்பாகவும் இருப்பது தெரிந்தது. கண்ணில் பட்டவை போய்விட்டன, படாதவை விதை போட்டன. கிழங்கைத் தோண்டும் கையே அங்கே இயற்கைத் தேர்வைச் செய்துகொண்டிருக்கிறது.

கடைசியாக, வெப்பம் கூடிவரும் உலகில் இவற்றுக்கு என்ன ஆகும்? குளிர்ச் செடி சூட்டில் செத்துவிடும் என்று எடுத்துக்கொண்டால் கதை பாதிதான் புரியும். சுவிட்சர்லாந்தின் பீட்ஸ் லினார்ட் சிகரத்தின் உச்சியில், 3410 மீட்டரில், 1835இல் ஆஸ்வல்ட் ஹேர் என்ற இயற்கையியலாளர் ஒரே ஒரு பூக்கும் செடியைப் பார்த்தார்: ஆண்ட்ரோசேஸ் அல்பைனா. 2011இல் அதே உச்சியில் 16 இனங்கள் இருந்தன. ஐரோப்பாவின் 302 சிகரங்களின் பழைய, புதிய குறிப்புகளை ஒப்பிட்டு 2018இல் வெளிவந்த ஆய்வில், 2007க்கும் 2016க்கும் இடையே சிகரங்களில் புதிதாகச் சேர்ந்த இனங்கள், ஐம்பது வருடம் முந்தைய பத்தாண்டில் சேர்ந்ததைப் போல ஐந்து மடங்கு. கேட்க நல்ல செய்தி மாதிரிதான் இருக்கிறது.

வந்தவர்கள் யார் என்று பாருங்கள். கீழிருந்து ஏறி வரும், உயரமாக, வேகமாக வளரும் செடிகள். சுவிஸ் ஆல்ப்ஸின் கலண்டா மலையில் நடந்த ஒரு சோதனை இதை நேரடியாகக் காட்டியது. ஜேக் அலெக்சாண்டரும் குழுவினரும் உயர்மலைச் செடிகளைத் தாழ்ந்த, வெப்பமான இடத்துக்கு மாற்றி நட்டார்கள். தங்கள் பழைய அண்டைச் செடிகளோடு சேர்த்து நடப்பட்டவை புது வெப்பத்தை ஓரளவு சமாளித்தன. கீழ்நிலத்துச் செடிகளுக்கு நடுவே நடப்பட்டவை வளர்ச்சியிலும் பூப்பதிலும் பிழைப்பதிலும் பின்தங்கின. அதாவது வெப்பத்தைவிடப் புது அண்டைவீட்டார் பெரிய தொல்லை. பதிலின் ஆரம்பத்தில் சொன்னதன் மறுபக்கம் இது: சூழல் இதமானால், அண்டை மறுபடி போட்டியாளர் ஆகிவிடும். ஆயிரக்கணக்கான வருடங்களாகக் குளிர்தான் அந்த உயரமான செடிகளை மேலே வரவிடாமல் தடுத்து வைத்திருந்தது.

இழப்பு உடனே கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் இதில் கவலையான விஷயம். 2010இல் டேனியல் டோக், வில்லியம் மோரிஸ் என்ற இருவரும் வட அமெரிக்காவின் வடக்கிலும் தெற்கிலும் உள்ள சைலீன் அகாலிஸ், பிஸ்டார்ட்டா செடிகளைப் பல வருடம் பின்தொடர்ந்த முடிவை வெளியிட்டார்கள். தெற்கே வெப்பமான இடங்களில் பிழைக்கும் எண்ணிக்கை குறைவு, ஆனால் பிழைத்தவை வேகமாக வளர்ந்து அதை ஈடுகட்டிவிட்டன. மிக வெப்பமான வருடங்களில் மட்டும் அந்த ஈடுகட்டல் நின்றுபோனது. ஆகவே ஒரு சரிவு முழுக்க இளஞ்சிவப்பு மெத்தைகள் பூத்துக் கிடப்பதைப் பார்த்து அங்கே எல்லாம் நலம் என்று முடிவு கட்டிவிட முடியாது. அந்த மெத்தைகளில் சில, மலைகள் இன்றைவிடக் குளிராக இருந்த பதினெட்டாம் நூற்றாண்டில் முளைத்தவையாக இருக்கலாம். நான் அங்கே போனால் மண்டியிட்டு, மெத்தைகளுக்கு நடுவே உள்ள சரளையில் இந்த வருடத்து நாற்றுகள் எத்தனை, அவற்றுக்குப் பக்கத்தில் முளைத்திருப்பது எந்தச் செடி என்றுதான் முதலில் பார்ப்பேன்.